எட்டு விரல்

ஜீப்பு மலையிலிருந்து இறங்கி வந்து கேட்டில் நின்றதும் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். அது எங்கள் தோட்டத்து வழக்கம். பதினோரு பேரும் சேலையை உதறிவிட்டு ஓரமாக நிற்பார்கள். சோதனைக்கென்று வைத்திருக்கும் சுருளியம்மாள் ஒவ்வொருத்தி மடியையும் தடவிப் பார்ப்பாள். அதற்குள் டிரைவர் வண்டியை இருபதடி முன்னால் நகர்த்தி, தரையோடு தரையாகக் கிடக்கும் தட்டைப் பாறைமேல் நிறுத்துவான். கேட் காவல்காரனான நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கர அச்சுக்கும் அதற்கு மேலே சட்டத்தில் பொருத்தியிருக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே கையை விடுவேன். வெறும் வண்டி என்றால் எட்டு விரல் நிற்கும். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு ஒரு கைமேல் ஒரு கை வைத்தால் இடைவெளி சரியாக அடைபட வேண்டும். ஒரு மூடை காய் ஏறினால் ஒரு விரல் குறையும். பதினோரு வருஷம் பழகிய கை.

1979 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை ஆறு விரலுக்கு மேல் போகவில்லை.

கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். இடது பக்கம் ஆறு. வலது பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கும் ஆறு. மழை ஓய்ந்த சாயங்காலம். அச்சிலிருந்து சேற்றுத் தண்ணீர் என் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நீளப் பலகை, நடுவே ஒரு கயிற்றுச் சுருள், யாரோ மறந்துவிட்ட சோற்றுத் தூக்கு. டிரைவர் மொக்கையன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற நாட்களில் நான் குனிந்ததும் இறங்கிப் பீடி பற்றவைப்பான். அன்று இறங்கவில்லை.

"என்னண்ணே, சரிதானே?" என்றான்.

"போ" என்றேன்.

எனக்கு எதையும் உடனே கேட்கும் பழக்கம் கிடையாது. கேட்டால் ஒரு பதில் வரும். பதில் வந்துவிட்டால் மனசு அதிலேயே உட்கார்ந்துவிடும். கேட்காமல் வைத்திருந்தால்தான் அது நாலா பக்கமும் அலைந்து எதையாவது பிடித்துக்கொண்டு வரும் என்று அப்போது நம்பினேன்.

தோட்டம் முதலாளி ஜக்கையனுடையது. ராசிங்காபுரத்துக்காரர். கீழே வயலும் தோப்பும், மேலே நாற்பது ஏக்கர் ஏலம். எடுத்த பச்சைக்காயை மேலே ஸ்டோரிலேயே வாட்டி, மூடை கட்டி, சனிக்கிழமைதோறும் லாரியில் மேல்ரோடு வழியாகப் போடிக்கு இறக்குவார்கள். கீழே நான் உட்கார்ந்திருக்கும் பாதை வேறு. அது அடிவாரத்துப் பெண்களைக் காய் எடுக்கக் கூட்டிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு மட்டும். அதில் ஒரு மூடைகூட இறங்கக்கூடாது. ஆகவே இரண்டு விரல் குறைந்தால் இரண்டு மூடை என்றுதான் அர்த்தம். அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை.

காய்த் திருடன் என்று ஒருவன்மேல் பேர் விழுந்துவிட்டால் அப்புறம் போடியில் எந்த முதலாளியும் அவன் கையில் வண்டிச் சாவி கொடுக்கமாட்டார். கம்பம், தேவாரம் வரைக்கும் அந்தப் பேர் அவனுக்கு முன்னால் போய்க் காத்திருக்கும். மொக்கையனுக்கு இருபத்தெட்டு வயசு. கல்யாணமாகி எட்டு மாசம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெள்ளிக்கிழமை அவனுக்காகக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமையும் ஆறு விரல்தான்.

அன்று தேடினேன். பலகைகளைத் தூக்கிப் பார்த்தேன். டிரைவர் சீட்டைக் கழற்றச் சொன்னேன். ஸ்டெப்னி டயரைத் தட்டிப் பார்த்தேன். அடியில் படுத்து, சட்டத்தின் நீளத்துக்கும் கையை விட்டுத் துழாவினேன். சேறு, கிரீஸ், மறுபடி சேறு. இரண்டு மூடை என்பது குண்டூசி இல்லை. எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

"என்னப்பு, வண்டிக்கு அடியில புதையலா?" என்றாள் ஒச்சம்மாள். பெண்களில் மூத்தவள் அவள். போன வருஷம் ஒடிந்த இடது மணிக்கட்டு கோணலாகவே கூடியிருந்தது. "கெடைச்சா எங்களுக்கும் ஒரு பங்கு குடு. நாங்கதான தெனமும் அதுமேல உக்காந்து வர்றோம்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் திரும்பியதும் அத்தனை முகமும் தரையைப் பார்த்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவர்களுக்குத் தெரியும். பதினோரு பேருக்கும் தெரியும். வழக்கமாக இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டிரைவரைத் திட்டும் கூட்டம் இது. இந்த இரண்டு நாளாக யாரும் இடுப்பைப் பிடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. திருட்டில் எல்லாருக்கும் பங்கு இருந்தால் வலிகூடப் பொறுத்துக்கொள்ளப்படும் என்று நினைத்தேன். சுருளியம்மாள் மடியைத் தடவுவதும் அன்று எனக்கு அவசரமாகத் தோன்றியது. அவளையும் சேர்த்துப் பன்னிரண்டாக எண்ணிக்கொண்டேன்.

ஸ்பிரிங் தளர்ந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டேன். அந்த ஸ்பிரிங் புதுசு. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலாளியே மதுரையிலிருந்து வாங்கிவந்து மாட்டியது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது இரும்புப் பட்டை, ஒன்றன்கீழ் ஒன்றாக வில் மாதிரி வளைந்து. மாட்டிய அன்றே அவர் சொல்லிவிட்டார், "இதுல எவன் ஸ்பேனர வச்சாலும் அன்னையோட அவன் சோலி முடிஞ்சது." அதற்கப்புறம் யாரும் அதன் பக்கம் போனதில்லை. சேறு அப்பிக் காய்ந்து, பட்டைகள் எல்லாம் ஒரே கட்டையாகத்தான் எப்போதும் தெரியும். இருப்பது ஒன்பதா ஏழா என்று யார் எண்ணப் போகிறார்கள்.

கேட்டைப் பூட்டிவிட்டு நேராகப் போடிக்குப் பஸ் ஏறினேன். முதலாளி கடையில் இருந்தார். சொன்னேன். அவர் சாவதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டுன்னு நிச்சயமா?"

"ரெண்டு பக்கமும் வச்சுப் பாத்தேன் முதலாளி. ரெண்டு நாளும்."

"மூடை கைக்குச் சிக்கலயே."

"சிக்கலைங்க."

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "திங்கக்கெழம காலைல வர்றேன். அதுக்குள்ள எங்க வச்சிருக்கான்னு பாத்து வையி. சிக்கலைன்னாலும் பரவால்ல. ஒன் கை சொன்னா எனக்குப் போதும்."

திரும்பி வரும்போது அந்தக் கடைசிப் பேச்சு மடியில் வைத்த பணம் மாதிரி இதமாக இருந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

சனிக்கிழமையும் ஆறு விரலே. நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "போ" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காய் எடுப்பு கிடையாது. ஜீப்பு கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கும். நான் காலையில் போடிக்குப் போய்ச் சாயங்காலம் வருவேன். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்று எல்லாரும் பார்க்கும்படி பையை எடுத்துக்கொண்டு பஸ்சில் ஏறினேன். வழியிலேயே முந்தல் கிராமத்தில் இறங்கி, ஓடைக்கரை வழியாக நடந்து திரும்பினேன். கொட்டகைக்குப் பின்னால் இலவ மரமும் உண்ணிப் புதரும். அங்கே உட்கார்ந்துகொண்டேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

மொக்கையன் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தான். அவன் செய்ததைப் பார்த்தபோது முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய பெரிய கற்களை உருட்டிவந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். முட்டி உயரம் வந்ததும் சரிவாக ஒரு பலகை வைத்து, ஜீப்பின் வலது பின்சக்கரத்தை மட்டும் அந்தக் குவியல்மேல் ரிவர்சில் ஏற்றினான். வண்டி கோணிக்கொண்டு நின்றது. இறங்கி, இடது பக்கம் போய் மண்டியிட்டான். பீடிக்கட்டுச் சுற்றி வரும் காகிதம் ஒன்றை முதலிலேயே டயருக்கு அடியில் வைத்திருந்தான் போல, அதன் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான். கிழிந்தது. கையில் வந்த கிழிசலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டான்.

பிறகு வண்டியை இறக்கி இன்னொரு கல் அடுக்கினான். ஏற்றினான். மண்டியிட்டான். இழுத்தான். இந்தத் தடவை காகிதம் முழுசாக வழுக்கி வந்துவிட்டது. அவன் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து நெடுநேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மந்திரம் பண்ணுகிறானோ என்றுகூட நினைத்தேன். சந்தேகம் ஒருமுறை பிடித்துக்கொண்டால் எந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கும் இடம் கொடுக்கும்.

அப்புறம் எழுந்து, கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த விறகுக் குவியலை விலக்கினான். அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தான். ஒரு கையால் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.

புதரிலிருந்து எழுந்து நடந்தேன். ஓடவில்லை. அவன் நிழலைப் பார்த்துத் திரும்பினான். சாக்கை விடவும் இல்லை, தூக்கவும் இல்லை.

"பிரி" என்றேன்.

"அண்ணே, அது வந்து..."

"பிரிடா."

அவன் பிரிக்கவில்லை. நானே சாக்கின் அடியைப் பிடித்துக் கவிழ்த்தேன். காய் கொட்டும் சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. நாலு இரும்புப் பட்டைகள் கல்லில் விழுந்து அதிர்ந்தன. ஒன்று என் கால் விரல்மேல் விழுந்தது. குனிந்து விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இலவ மரத்தில் ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது.

"பக்கத்துக்கு ரெண்டு" என்றான் மொக்கையன். "ஒம்போதுல நாலாவதும் ஆறாவதும். அந்த எடத்துல துண்டு இரும்பு வச்சு யூ போல்ட்ட இறுக்கியிருக்கேன். வேற எதுலயும் கை வைக்கல."

"எதுக்கு?"

"ஏணிப்பாறைக்கு."

ஏணிப்பாறை தோட்டத்துப் பாதையில் பாதி மலையில் இருக்கிறது. படி படியாக ஏழெட்டு மடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். இடது கைப்பக்கம் சரிவு, அதற்குக் கீழே ஓடை. போன வருஷம் மழையில் அந்த இடத்தில்தான் ஜீப்பு ஒரு பக்கம் சாய்ந்து ஒச்சம்மாள் வெளியே விழுந்தாள். அதற்கப்புறம் பெண்கள் அங்கே இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். நடந்தால் அரை மணி நேரம் போய்விடும். காய் எடுப்பு குறைகிறது என்று முதலாளி மேலேயே கூலியாட்கள் குடியிருக்க லயம் கட்டி வேறு ஆட்களை வைத்துக்கொள்ளப் பார்த்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இதற்கும் இரும்புப் பட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது.

மொக்கையன் சொன்னான். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு வாத்தியார் மாதிரி கையை ஆட்டி.

"பட்டை நெறைய இருந்தா வண்டி வெறைப்பா நிக்கும்ணே. லோடு ஏத்துனா நல்லது. ஆனா வெறும் வண்டியில, பாறையில ஒரு காலத் தூக்குனா மத்த காலும் சேந்து தூக்கிரும். மரக்கட்டில் மாதிரி. தூக்குன சக்கரம் சும்மா சுத்தும். சுத்திக்கிட்டே இருந்து திடீர்னு கீழ தொடும்போது ஒரு குதி குதிக்கும் பாருங்க, அந்தக் குதியிலதான் ஒச்சம்மா ஆத்தா விழுந்துச்சு. பட்டைய கொறைச்சா ஒரு கால் மேல இருந்தாலும் இன்னொரு கால் பள்ளத்துக்குள்ள எறங்கிப் பிடிச்சுக்கிரும். வண்டி மாட்டுக் கணக்கா ஒவ்வொரு காலா வச்சு ஏறும்."

"காகிதம்?"

"சக்கரம் தரைய அழுத்துதா, சும்மா தொட்டுக்கிட்டு நிக்குதான்னு கண்ணுக்குத் தெரியாதுண்ணே. காகிதம் கிழிஞ்சா அழுத்துது. வழுக்குனா அந்தரத்துல நிக்குதுன்னு அர்த்தம். மூணு ஞாயித்துக்கெழமையா இதான் பாக்குறேன். மொதல்ல அடியில இருக்குற சின்னப் பட்டைகளக் கழட்டுனேன், பிரயோசனம் இல்ல. மூணாவதக் கழட்டுனேன், பெரிய பட்டை நெளிய ஆரம்பிச்சிருச்சு, பயந்து போயித் திருப்பி மாட்டுனேன். போன வாரந்தான் இந்த ரெண்டும் சரியா வந்துச்சு. அன்னைக்குத் திருப்பி மாட்டிட்டு, புதங்கெழம ராத்திரி நீங்க தூங்குனப்புறந்தான் துணிஞ்சு கழட்டி வச்சேன். மிச்ச ஏழு பட்டைக்கும் நடுவுல துருவத் தேச்சு கிரீஸ் போட்டேன். இன்னும் ஒரு கல்லு ஒசரம் கூடுனா நல்லாருக்கும். அதுக்குத்தான் அஞ்சாவதயும் எடுக்கலாமான்னு..."

"வண்டி ரெண்டு விரல் தாந்துருச்சு" என்றேன்.

"தெரியும்ணே."

"நான் கை வைப்பேன்னு தெரியும்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. அதைவிடச் சங்கடமான ஒன்று. "சொன்னா நீங்க முதலாளிகிட்ட சொல்வீங்க. ஸ்பிரிங்குல கை வச்சேன்னு சோலி போயிரும். சொல்லாட்டி கெடைக்காத மூடைய நீங்க தேடுவீங்க. தேடித் தேடி அலுத்துருவீங்கன்னு நெனச்சோம். ஆத்தாதான் சொல்லுச்சு, இரும்பத் திருடுனதுக்கா பிடிச்சுக்குடுக்கப் போறான், பேசாம இருடான்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமையே நான் சொல்லிவிட்டேன் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனே கேட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? பிச்சைமணி அண்ணன வேலையவிட்டு அனுப்புனீங்களே. அவரு வண்டியிலயும் ரெண்டு வெரல்தானே கொறஞ்சது?"

பிச்சைமணி இவனுக்கு முன்னால் இருந்த டிரைவர். 1973ல் அவன் வண்டி ஒரு வாரமாகத் தாழ்ந்து வந்தது. தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. வண்டியில் எங்கேயோ கள்ள அறை செய்து வைத்திருக்கிறான் என்றுகூட ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவனை அனுப்பிய பத்தாம் நாள் ஸ்பிரிங்கின் பெரிய பட்டை இரண்டாக விட்டுப்போனது. ஒடிந்த இடத்தில் பாதிக்கு மேல் துரு ஏறியிருந்தது. அது வெகு நாளாக விரிசல் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பட்டையை நான் கையில் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னேன், "எவ்வளவு பாரம் ஏத்தியிருந்தா இது ஒடியும், பாருங்க." அவரும் ஆமாம் என்றார். அதற்கப்புறம்தான் புது ஸ்பிரிங் வந்தது. யாரும் கை வைக்கக்கூடாது என்ற உத்தரவும் வந்தது. பிச்சைமணி தேவாரத்தில் செங்கல் சூளையில் மண் மிதிப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஒடிந்துகொண்டிருந்த பட்டைதான் வண்டியைத் தாழ்த்தியிருக்கிறது. மூடை இல்லை. ஆறு வருஷம் இது எனக்குத் தெரியாமல் இருந்ததா, தெரிந்துகொள்ளாமல் நான் இருந்தேனா என்று என்னால் இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"வண்டிய எடு" என்றேன். "ஏணிப்பாறைக்குப் போ."

அவன் எடுத்தான். நான் பின்னால் பலகையில், ஒச்சம்மாள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அவன் சொன்னதையும் நான் முழுசாக நம்பிவிடவில்லை. மனசின் ஒரு மூலை, இது நன்றாகச் சோடித்த கதை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பாறையின் முதல் மடிப்பில் வண்டி ஏறியபோது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அந்த உதறல் வரவில்லை. வலது பக்கம் மெதுவாக மேலே போனது. இடது பக்கம் மெதுவாகக் கீழே போய் உட்கார்ந்தது. எஞ்சின் முனகிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் சக்கரம் தன் பாட்டுக்கு இறங்கி, பாறையை அழுத்திக்கொண்டு சுற்றியது. ஓரிடத்தில்கூடத் தரையை விடவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது என் கை கம்பியிலிருந்து தானாகவே விலகியிருந்தது.

"வெள்ளிக்கிழமையே முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்" என்றேன். "ரெண்டு மூடைன்னு. நாளைக்கு வர்றாரு."

மொக்கையன் எஞ்சினை அணைத்தான். திரும்பவில்லை. அவன் பிடரியை மட்டும்தான் பார்க்க முடிந்தது. "வீட்டுல அவளுக்கு இது ஆறாம் மாசம்ணே" என்றான்.

திங்கட்கிழமை முதலாளி காரில் வந்தார். கூட அவர் மைத்துனர் மகன் காசிமாயன். பெண்கள் ஏறுவதற்காக நின்றார்கள். நான் நாலு பட்டைகளையும் கழுவித் துடைத்துத் தட்டைப் பாறைமேல் வரிசையாக வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூடை இல்லை, பட்டைதான். விரல் சொன்னது பாரத்தை இல்லை. சொல்லி முடித்துவிட்டு, "பிச்சைமணி வண்டியையும் நான் இப்படித்தான் பாத்தேன் முதலாளி. அதுவும் தப்புதான்" என்றேன்.

அவர் பட்டைகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம வந்து ரெண்டு மூடைன்ன. நிச்சயமான்னு கேட்டேன், நிச்சயம்ன. இன்னைக்கு அவன் யோக்கியன்ங்கிற. பழையவனும் யோக்கியன்ங்கிற." குரலை உயர்த்தவில்லை. "நடுவுல ஒரே ஒரு ஞாயித்துக்கெழமதான் இருக்கு. அன்னைக்கு என்ன நடந்துச்சு மலைச்சாமி?"

"இந்தப் பட்டைய..."

"பட்டை கெடக்கட்டும். நீ வழக்கமா ஞாயித்துக்கெழம போடியில இருப்பியே. இங்க என்ன சோலி?"

புதரில் ஒளிந்திருந்தேன் என்றேன். சொன்னபோது எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. காசிமாயன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

ஒச்சம்மாள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "முதலாளி, ஒரு நடை ஏறிப் பாருங்க. அப்புறம் யாரு பேர வேணும்னாலும் எழுதிக்கங்க. ஒங்க கை ஒடிஞ்சா நான் மேலுக்கு மருந்து அரைச்சுத் தர்றேன்."

பெண்கள் சிரித்தார்கள். முதலாளிக்கும் லேசாக உதடு கோணியது. ஏறினார். நாங்கள் எல்லாரும் ஏறினோம். ஏணிப்பாறையில் அவரே நிறுத்தச் சொல்லி இறங்கினார். வண்டி ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்றது. மொக்கையன் சக்கரத்துக்கு முன்னால் காகிதத்தை வைத்து ஓர் அடி ஏற்றினான். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து இழுத்தார். கிழிந்தது. இன்னொரு மடிப்பில் இழுத்தார். அங்கேயும் கிழிந்தது. கையில் இருந்த துண்டைச் சுருட்டி ஓடைப் பக்கம் எறிந்தார்.

"நாலு பட்டையும் வெளியவே கெடக்கட்டும்" என்றார் மொக்கையனிடம். "அஞ்சாவதுல கை வைக்காத. இனிமே எதக் கழட்டுறதா இருந்தாலும் மொதல்ல எங்கிட்ட வந்து நிக்கணும்."

"சரிங்க முதலாளி."

பிச்சைமணியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அது போன கதை. நீ கிளறுனா நான் வேற ஒண்ணும் கிளற வேண்டியிருக்கும்."

அவர் என்ன கிளறுவார் என்று எனக்கு விளங்கியது. மூடை இறங்கியிருக்கும், நானும் பங்கு வாங்கிக்கொண்டு கதையை மாற்றிவிட்டேன் என்று அவருக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. கிழிந்த காகிதம் வண்டிக்குத்தான் சாட்சி. எனக்குச் சாட்சி இல்லை. ஸ்பிரிங் தளர்ந்த வண்டியில் இனி எத்தனை விரல் என்றால் எத்தனை மூடை என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரியாமல் ஆக்கினவன் டிரைவர் மட்டுமா என்று அவர் யோசிக்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் யோசித்திருப்பேன். பதினோரு வருஷமும் அப்படி யோசிக்கத்தானே அவர் எனக்குச் சம்பளம் கொடுத்தார்.

அடுத்த வாரம் கேட்டில், சக்கரத்தை ஏற்றி எடை பார்க்கும் பிளாட்பாரத் தராசு ஒன்று வந்து இறங்கியது. அதோடு காசிமாயனும் வந்தான். கேட் சாவி அவனிடம் போனது. நான் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். மொக்கையன் ஓட்டுகிறான். பெண்கள் ஏணிப்பாறையில் இறங்குவதில்லை. லயம் கட்டும் பேச்சு நின்றுபோனது. தை மாசம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தான். என்னிடம் முன்போலத்தான் பேசுகிறான், அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் நான் வண்டிக்குப் பக்கத்தில் போனால் இப்போதும் பீடியை அணைத்துவிட்டு நிற்கிறான்.

ஒருநாள் தேவாரத்துக்குப் போனேன். செங்கல் சூளையைக் கண்டுபிடித்தேன். முட்டிவரை செம்மண்ணோடு நாலைந்து பேர் குழியில் நின்றார்கள். அவர்களில் ஒருவன் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தான். பிச்சைமணியா என்று தெரியவில்லை. கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தான். நான் வழி கேட்க வந்தவன் மாதிரி நின்றுவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்களுக்குப் பிறகு நானும் வரிசையில் நிற்கிறேன். அப்படி யாரும் சொல்லவில்லை. முதல் நாள் காசிமாயன் என் பையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து தயங்கினான். நானே திறந்து நீட்டினேன். "ஒண்ணும் நெனச்சுக்கிராதீங்க மாமா" என்றான்.

சோற்றுத் தூக்கின் மூடியைத் திறந்தான். துண்டை உதறினான். வெற்றிலைப் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தான். அப்புறம் பையின் அடித் தையலுக்குள் இரண்டு விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுத் துழாவினான். பையன் கெட்டிக்காரன். நானாக இருந்தாலும் அங்கேதான் கையை விட்டிருப்பேன்.